நான் சொல்லாத நோட்டீஸ்

ஊரில் யாராவது கிணற்றடியில் அதைப் பார்த்தேன், கோயில் மதிலுக்குப் பின்னால் இதைக் கேட்டேன் என்று ஆரம்பித்தால், "பித்தம் ஏறியிருக்கும், சுக்குக் கஷாயம் வைத்துக் குடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவள் நான். பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இன்றைக்கும் பெரிதாக இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் இப்போது முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே சிரிப்போடு எத்தனையோ பேர் கதையை நானும் கேட்டிருக்கிறேன். அதனால் நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போவதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது. என் கணவருக்குக் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு ஆபீஸில் உத்தியோகம். கல்யாணமாகி நான் ரயிலை விட்டு இறங்கியபோது, பவானிபூரில் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷன் பார்த்து வைத்திருந்தார். ட்ராம் மணிச் சத்தம் கேட்கும், ட்ராம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு உள்ளே தள்ளிய வீடு. கீழே வீட்டுக்கார அம்மாள், மேலே நாங்கள். அந்த அம்மாள் ஒரு விதவை, குழந்தைகள் கிடையாது. நான் மாஷிமா என்று கூப்பிடுவேன், அதாவது பெரியம்மா சித்தி மாதிரி. அவர் என்னை பௌமா என்பார், மாட்டுப்பெண்ணே என்று அர்த்தம். வங்காளத்தில் விதவைகள் மீனைத் தொட மாட்டார்கள், அதனால் அந்த வீட்டில் மீன் வாசனையே கிடையாது. நம்மவர்களுக்கு அந்த ஊரில் அப்படி ஒரு வீடு அமைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே குடித்தனம் பண்ணியவர்களுக்குத்தான் தெரியும்.

மாத வாடகை. வருஷக் கணக்கில் ஒப்பந்தம் என்று ஒன்றும் கிடையாது. மாதம் பிறந்தால் தானாகவே இன்னொரு மாதம் ஓடும். காலி செய்வதானால் மாதம் பாதி ஆவதற்குள் சொல்லிவிட வேண்டும், அந்த மாதக் கடைசியோடு கணக்குத் தீரும். இதுதான் பேச்சு. நாங்கள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை, ஏனென்றால் காலி செய்கிற எண்ணமே எங்களுக்கு இல்லை. வந்த முதல் மழைக்காலத்தில் எனக்கு மலேரியா கண்டு, போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். இவர் ஆபீஸுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டது மாஷிமாதான். பெற்ற தாய் பக்கத்தில் இருந்திருந்தால்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்திருப்பாளா தெரியாது. தேறி எழுந்த பிறகு அவரிடம் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருக்கும். ஆனால் என் வங்காளி கறிகாய் வாங்குகிற வங்காளி. என்ன விலை, வேண்டாம், குறைத்துக் கொடு, இவ்வளவுதான் வரும். பேசுவது புரியும், திருப்பிச் சொல்ல வாய் வராது. அதனால் சிரித்துவிட்டு மாடி ஏறிவிடுவேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் மாமியார் அதைக் கேட்டு எழுதச் சொல்லியிருப்பார். அதை விடுங்கள்.

ஒரு ஆனி மாதம், மழை பிடித்துவிட்டது. காளிகாட்டில் இருந்த அலமேலு மாமி தன் பெண்ணுக்கு வளைகாப்பு வைத்திருந்தாள். மாமியின் அகத்துக்காரரும் இவருடைய ஆபீஸ்தான். நம் பக்கத்துக் குடும்பங்கள் அப்போது அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு, அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் காலையிலேயே போய்விட்டேன். கலந்த சாதம் எல்லாம் நான்தான் கிளறினேன். மத்தியானம் பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாடினேன். குழந்தை இல்லாதவள் என்று என்னை ஒதுக்கி வைக்காமல், அலமேலு மாமி முதல் வரிசையில் உட்கார வைத்து என் கைக்கும் வளையல் போட்டாள். அந்த நல்ல மனசை நான் மறக்கவில்லை. இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் எங்கே இருந்தேன் என்பதற்கு அத்தனை பெண்டுகளும் சாட்சி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மாஷிமா கீழ் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"பௌமா, நீ சொன்னதை என் தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவன் பெஹாலாலேர்ந்து இப்பத்தான் வந்துட்டுப் போனான். அவனோட பிள்ளை வீடு தேடிக்கிட்டிருக்கான், அடுத்த மாசம் குடும்பத்தோட வந்துடறதாச் சொன்னான். இருந்தாலும் எனக்கு மனசு ஆறலை."

"நான் என்ன சொன்னேன்?"

"வீட்டைக் காலி பண்றதைத்தான்."

என் வங்காளியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். மாஷிமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மத்தியானம் இதே இடத்துல நின்னு சொன்னியே. இந்த மாசத்தோட காலி பண்றோம் மாஷிமா, பாதி மாசம் ஆறதுக்குள்ள சொல்லிடணும்னு வந்தேன்னு. என் காலைத் தொட்டுக் கும்பிட்டே. மாடிக்குக்கூட ஏறாம அப்படியே தெருப்பக்கம் திரும்பிப் போயிட்டே."

நான் வரவில்லை, காளிகாட்டில் இருந்தேன், வேறு யாரையோ பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நம் கட்டுப் புடவை அந்தச் சந்தில் என்னைத் தவிர யாருக்கும் கிடையாது. அதுவுமில்லாமல் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அவருக்குக் கண்ணிலும் கோளாறு இல்லை, ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் விஷயம் அவர் காதுக்கும் போயிற்று. மாடிக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எதுக்குடி சொன்னே? உனக்கு வீடு பிடிக்கலைன்னா என்கிட்டன்னா சொல்லணும்."

"நான் சொல்லவே இல்லைன்னா. நான் இங்கே இல்லவே இல்லை."

"அந்தம்மா பொய் சொல்றாளா?"

அன்றைக்கு எங்களுக்குள் சரியான பேச்சே இல்லை. மறுநாள் ஆபீஸில் அலமேலு மாமியின் அகத்துக்காரரைப் பார்த்து நாசூக்காக விசாரித்திருக்கிறார். உங்காத்து மாமி பொழுது சாயும் வரை எங்காத்தை விட்டு நகரவில்லை, அவள் பாட்டைத்தான் எல்லோரும் மெச்சிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். சாயங்காலம் முகம் தெளிந்து வந்தார். ஆனால் கோபம் என்னை விட்டுக் கீழ் வீட்டு அம்மாள் மேல் இறங்கியிருந்தது.

"எல்லாம் நாடகம். தம்பி பிள்ளைக்கு வீடு வேணும், நேரடியாக் கேக்கக் கூச்சம், அதான் நீ வந்து சொன்னேன்னு ஒரு கதை. ஆபீஸ்ல வக்கீலுக்குப் படிச்சவர் ஒருத்தர் இருக்கார், கேட்டேன். வாயால சொன்னது நோட்டீஸே இல்லையாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் செல்லும். நாம பாட்டுக்கு இருந்துடலாம், அந்தம்மா ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்தேன். வேறு எப்படி நினைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மாஷிமா மாடி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம், முழங்கால் வலி. படுக்கை அறை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ வரலைன்னு சொல்றே. சரி, வரலை. தம்பிகிட்ட சொல்லி அவன் பிள்ளையை வேண்டாம்னுடறேன். நீங்க எப்பவும் போல இருங்க. ஆனா நான் பொய் சொல்லலை, பௌமா. அதை மட்டும் நீ நம்பினாப் போதும்."

நானும் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவரே மேலே சொன்னார்.

"எனக்கு என்ன ஆச்சரியம்னா, நீ எவ்வளவு நல்லாப் பேசினே தெரியுமா. எங்க பெண்கள் பேசற மாதிரியே. 'நான் ஜுரத்துல கிடந்தப்போ எங்கம்மா மாதிரி பார்த்துக்கிட்டீங்க, அதைச் சொல்ல அப்போ எனக்குப் பாஷை இல்லை, இப்போ இருக்கு, அதனால சொல்றேன்'னு சொன்னே. நான் அழுதுட்டேன்."

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம்கூடச் சொன்னதில்லை. என் மனசுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த வார்த்தை அது. அதை யாரோ என் முகத்தை வைத்துக்கொண்டு, எனக்கு வராத பாஷையில், நான் சொல்ல ஆசைப்பட்டபடியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பயம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட இன்னொன்று வந்தது. வந்தவள் யாரோ எவளோ, அவளுக்கு எங்கள் மேல் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் இதைப் போய்ச் சொல்லியிருப்பாளா? நன்றி சொல்லிவிட்டு, காலைத் தொட்டுவிட்டு, காலி பண்ணுகிறோம் என்றும் சொல்லியிருக்கிறாள். ஒன்றை ஒத்துக்கொண்டு இன்னொன்றை எப்படித் தள்ளுவது?

அன்றைக்குச் சாயங்காலம் இவரிடம், "நோட்டீஸ் எழுதுங்கோ" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? அவளே இருங்கோன்னு சொல்லிட்டாளாமே."

"எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னேளே. எழுதுங்கோ. நான் கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

ஏன் என்று கேட்டார். இந்த வீட்டில் இனி எனக்கு மனசு நிலைக்காது என்று மட்டும் சொன்னேன். அந்தக் காலத்து ஆண்கள் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வீடு மாற்றியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். என் கணவர் கேட்டார். மேஜை முன் உட்கார்ந்து இங்கிலீஷில் நாலு வரி எழுதி, மை காய ஊதி, என் கையில் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக நான் அவருக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பாதி மாதம் ஆகச் சொற்ப நாள்தான் இருந்தது. கீழே போய் மாஷிமாவிடம் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். காலி செய்கிறவளும் வீட்டுக்காரியும் இப்படி அழுததைப் பார்த்து இவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

பாலிகஞ்சில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. சுற்றிலும் குளமும் தென்னையும். அப்போது அதெல்லாம் ஊருக்கு வெளியே. மாதக் கடைசியில் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். போன இடத்தில் அடுப்பு பற்றவில்லை, ஒரு பக்கம் ஒழுகியது, தவளைச் சத்தம் காதைக் கிழித்தது. "உன் மனசு இங்கே நிலைச்சுதா?" என்று இவர் கேட்டார். நான் ஒழுகுகிற இடத்தில் அண்டாவை நகர்த்தி வைத்தேன்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. ஒருநாள் இவர் ஆபீஸுக்குப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். குடை பாதி மடங்கியிருக்கிறது, நனைந்தது தெரியாமல் வாசலில் அப்படியே நிற்கிறார். பவானிபூர் வீட்டு மாடி விடியற்காலையில் இடிந்து விழுந்துவிட்டது என்றார். மாடிக்கூரை உத்திரங்கள் சுவருக்குள் இருந்த பக்கம் கறையான் தின்று வெறும் கூடாக இருந்திருக்கின்றன. மேலே சுண்ணாம்பு பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கூரை எங்கள் படுக்கை அறையில் விழுந்து, அந்தத் தரையையும் உடைத்துக்கொண்டு, நேராக மாஷிமா படுக்கிற அறையில் போய் இறங்கியிருக்கிறது.

"மாஷிமா?" என்றேன்.

மாஷிமா அங்கே இல்லை. தம்பி பிள்ளையின் குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததால் அவன் குடிவருவது தள்ளிப்போயிருக்கிறது. குழந்தையைப் பார்க்கப் பெஹாலாவுக்குப் போனவர், மழையில் காலி வீட்டுக்குத் திரும்பித் தனியாகப் படுக்க மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் காலி செய்யாமல் இருந்திருந்தால் அவரும் அன்றைக்கு அவர் அறையில்தான் படுத்திருப்பார்.

மழை கொஞ்சம் விட்டதும் பெஹாலாவுக்குப் போய் அவரைப் பார்த்தோம். என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "நீ வந்து சொன்னதாலதான் நான் இருக்கேன், பௌமா" என்றார். நான் இல்லை மாஷிமா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் எனக்கு நன்றி சொல்கிறார், நான் யாருக்கு என்று தெரியாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நாடகம் என்று சொன்னதற்காக அன்றைக்கு அந்த அம்மாள் காலில் விழுந்து எழுந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். முடியவில்லை.

பாலிகஞ்ச் வீட்டில் எனக்குப் பெண் பிறந்தாள். அவள் தத்தித்தத்தி நடக்க ஆரம்பித்திருந்த வருஷம், துர்க்கா பூஜை முடிந்து பிஜயாவுக்குப் பெரியவர்களைப் போய்க் கும்பிடுவார்கள் இல்லையா, அதற்குச் சந்தேஷ் மிட்டாய் வாங்கிக்கொண்டு குழந்தையோடு பெஹாலாவுக்கு மாஷிமாவைப் பார்க்கப் போனோம். நடுவில் அவர் காசிக்குப் போய்த் தங்கியிருந்ததால் குழந்தையை அதுவரை பார்த்ததில்லை. மடியில் வாங்கிக்கொண்டவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தியே, அந்தக் குழந்தை இதுதானா?" என்றார்.

"என்னிக்கு?"

"காலி பண்றோம்னு சொல்ல வந்தியே, அன்னிக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தைன்னு நெனச்சேன், அதனால உங்கிட்ட சொல்லத் தோணலை. இதே முகம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அன்னிக்கு இதைவிடப் பெரிசா இருந்தா" என்றார்.

இவர் அப்போது வாசலில் மாஷிமாவின் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வீடு திரும்பும்போது குழந்தையை இறுக அணைத்துக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு அங்குலமாக வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன், ஆனால் எதற்கோ காத்திருப்பது போலவும் இருக்கும். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு பழகி எனக்கு வங்காளி சரளமாக வந்துவிட்டிருந்தது. அதை நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கும்.

அவள் நன்றாகப் பேசத் தெரிந்து, கேள்வி கேட்டே பிராணனை வாங்குகிற வயசு. ஒரு மத்தியானம், சோறு ஊட்டிவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் இல்லை, மூடாப்பாக இருந்தது. நான் தூங்கவில்லை, மயக்கமும் இல்லை. ஒரு நிமிஷம் எதையோ யோசித்துக்கொண்டு நின்ற மாதிரி ஞாபகம், என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நாம எதுக்கு வீட்டைக் காலி பண்றோம்?" என்றாள்.

"யார் சொன்னா அப்படி?"

"நீதானே இப்போ அந்த அழற மாஷிமாகிட்ட சொன்னே."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பயந்திருக்க வேண்டும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது அழுகைதான், அதுவும் சந்தோஷ அழுகை. எங்களைக் காப்பாற்ற வந்தவளை நான் இத்தனை நாள் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தேன், வந்தது நானேதான், என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன் என்று தோன்றியது. அவளை முத்தமிட்டேன். அவள் முகத்தை விலக்கிக்கொண்டு இன்னொன்று கேட்டாள்.

"மாடி ஜன்னல்ல நின்னு நம்மளையே பாத்துண்டிருந்தாளே ஒரு மாமி, அவ காலி பண்ண மாட்டாளாம்மா?"

என் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. அவளுக்கு இது எதுவும் ஞாபகம் இல்லை, நானும் கேட்கவில்லை. தினமும் விளக்கேற்றும்போது அவளுக்கும் மாஷிமாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுகிறேன். எங்கள் உயிர் அவர்கள் கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முற்றத்தைப் பார்க்கிற மாடி ஜன்னல் எங்கள் படுக்கை அறை ஜன்னல் ஒன்றுதான், நான் காளிகாட்டில் இருந்த அந்த மத்தியானம் மாடி பூட்டிக் கிடந்தது. அங்கே குடியிருந்த அத்தனை வருஷமும் அந்த மாடியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.